தம்ராஸ்யான் வீட்டு நட்சத்திரச் சிதறல்

எங்கள் ஊரில் குடும்பங்களைத் தலையால் எண்ணுவதில்லை, புகையால் எண்ணுவோம். ஒரு கூரையிலிருந்து ஒரு புகை எழுந்தால் அது ஒரு வீடு. கால்ஸ்த்யான்கள் ஒரே தகப்பனுக்குப் பிறந்து ஐந்து புகையாகப் பிரிந்தவர்கள். காலையில் அவர்கள் பக்கம் திரும்பினால் ரயில் நிலையத்தைப் பார்ப்பது போலிருக்கும். தம்ராஸ்யான்களாகிய நாங்கள் மூன்று சகோதரர்கள், ஒரே புகை. ஆர்மீனியாவின் அரகாத்ஸ் மலைச் சரிவில் அந்தப் பெருமை எங்கள் ஒரு வீட்டுக்குத்தான் இருந்தது. இதை அடக்கத்தோடுதான் சொல்கிறேன்.

மூத்தவன் நான், வகர்ஷாக். எனக்கு அடுத்தவன் ஹ்மாயாக். அவனுக்கு ஸாருஹி என்று ஒரு மனைவி, சோவினார் என்று ஒரே மகள். கடைக்குட்டி சுரேனுக்கு மனைவியும் நான்கு பிள்ளைகளும் உண்டு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு வீட்டைக் கட்டிக் காப்பவனுக்கு அதற்கெல்லாம் பொழுது ஏது?

சோவினார் மலைமேல் இருக்கும் வானாய்வு நிலையத்தில் வேலை பார்த்தாள். தொலைநோக்கியில் எடுத்த கண்ணாடிப் படங்களை அளப்பது அவள் வேலை. அங்கேதான் கார்னிக் என்ற பையனைப் பிடித்துப் போயிற்று அவளுக்கு. உலகப்போர் முடிந்ததும் சிரியாவின் அலெப்போவிலிருந்து தாய்நாட்டுக்குத் திரும்பி வந்தவர்களில் ஒருவன். ஒல்லி, கண்ணாடி, அளவுக்கு மீறிய மரியாதை. எங்கள் மாட்டைக்கூட ‘நீங்க’ என்பான். அவனுக்குச் சொந்தம் என்று இங்கே யாருமில்லை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனுடைய மேலதிகாரி, பேராசிரியர் ஹொவ்செப், கோன்யாக் பிராந்திப் புட்டியில் சிவப்பு நாடா கட்டி எடுத்துக்கொண்டு, பையனையும் அழைத்துக்கொண்டு பெண் கேட்டு வந்தார். சாட்சிக்கு ஒரு வெளியாள் வேண்டுமே என்று பக்கத்து வீட்டு சஹாக் கால்ஸ்த்யானை நானே கூப்பிட்டிருந்தேன். எங்கள் வீடு எப்படி இருக்கிறது என்று அவனும் ஒருமுறை பார்க்கட்டும்.

முறைப்படி பெண்ணைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. ஹொவ்செப் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

“உங்க அடுப்புலேருந்து ஒரு சிட்டிகை சாம்பல் கேட்டு வந்திருக்கோம்.”

“எங்க அடுப்பு சாம்பல் சூடு ஜாஸ்தி. கை தாங்குமா?” என்று நானும் முறைப்படி கேட்டேன்.

நகரத்து மனிதர் என்றாலும் பெரியவர் முறை தெரிந்தவராக இருக்கிறாரே என்று நினைத்துத் திரும்பினால், பெஞ்சில் பையனைக் காணோம். சற்று நேரத்தில் சமையலறைப் பக்கமிருந்து வந்தான். முழங்கை வரை சாம்பல். கையில் காகிதப் பொட்டலம்.

“எடுத்துட்டேங்க ஐயா. ஒரு சிட்டிகைதான். மீதியைக் கலைக்கல.”

சுரேன் சிரித்த சிரிப்பில் பெஞ்சிலிருந்து விழுந்தான். ஸாருஹி தலைத்துணி நுனியால் வாயை மூடிக்கொண்டு, “இருக்கட்டும். கேட்டதுக்கு மேல ஒரு சிட்டிகை எடுக்கலியே. நேர்மையான பையன்தான்” என்றாள்.

நான் சிரிக்கவில்லை. வெளியூரில் வளர்ந்தவனுக்கு முறை தெரியாதது அவன் குற்றமல்ல என்று மன்னித்தேன். பேச்செல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. திராட்சை இலையில் இறைச்சி சுருட்டிய தோல்மா வந்தது, லவாஷ் ரொட்டி வந்தது, பாதாமி வற்றலும் வால்நட்டும் வந்தன. பெண் வீட்டுப் பெரியவன் புட்டியைத் திறந்தால் சம்மதம் என்று அர்த்தம். நான் நாடாவை அவிழ்த்தேன். மூடியில் கை வைத்தேன். அப்போதுதான் பையன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

“இந்தக் குடும்பத்தைப் பார்த்தா எனக்கு ஒண்ணு தோணுதுங்க. வானத்துலயே ரொம்ப இளமையான, ரொம்பப் பிரகாசமான கூட்டம் ஒண்ணு உண்டு. உங்க வீடு எப்பவும் ஒரு அஸ்த்கஸ்ப்யூர் மாதிரி இருக்கணும்!”

நான் மூடியிலிருந்து கையை எடுத்தேன்.

‘அஸ்த்க்’ என்றால் நட்சத்திரம். அதில் எனக்குத் தகராறு இல்லை. ‘ஸ்ப்யூர்’ என்றால் சிதறல். எங்கள் மக்கள் வீடிழந்து உலகமெங்கும் சிதறிக் கிடக்கிறார்களே, அதற்கும் அந்தச் சொல்தான் வேர். எந்த ஆர்மீனியனும் கல்யாணப் பேச்சில் அதை வாயில் எடுக்க மாட்டான். ஒரே புகை வீட்டில், ஐந்து புகைக்காரன் காது கேட்க, இவன் ‘சிதறிப் போங்கள்’ என்று வாழ்த்தியிருக்கிறான்.

“தம்பி,” என்றேன், “அந்தக் கூட்டம் என்ன செய்யும்? விளக்கமா சொல்லு.”

அவன் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாள் யாருமே கேட்காத கேள்வி போலிருக்கிறது. வால்நட்டுகளை மேசை விரிப்பின் நடுவில் குவித்தான்.

“ஒரு பெரிய மேகம்ங்க ஐயா. வாயுவும் தூசியும். அதுலேருந்து இவங்க எல்லாரும் ஒண்ணா பொறக்கறாங்க. ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க மாதிரி.”

“நல்லது.”

“அப்புறம் பிரிஞ்சு போயிடுவாங்க.” வால்நட்டுகளை நாலா பக்கமும் உருட்டிவிட்டான். ஒன்று சஹாக்கின் மடியில் போய் விழுந்தது.

“எவ்வளவு காலம் சேந்திருப்பாங்க?”

“அதிகம் போனா ஒரு கோடி வருஷம்ங்க.”

“ஒரு கோடியா!” என்றான் சுரேன். “அண்ணே, நமக்கு அது தாராளம். புட்டியத் திற.”

ஹொவ்செப் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதனால் பெரிய தொல்லை. “அப்படிச் சொல்ல முடியாதுங்க,” என்றார். “நட்சத்திரக் கணக்குல கோடி வருஷம் ஒண்ணுமேயில்ல. குழந்தைக்குப் பல்லு மொளைக்கறதுக்குள்ள குடும்பம் பிரிஞ்ச மாதிரி.”

“அதுதாங்க அழகே!” என்று கார்னிக் குதித்தான். “இவ்வளவு சீக்கிரம் பிரியறவங்க இன்னும் சேந்து நிக்கறதைப் பாக்கறோம்னா, அவங்க நேத்துதான் பொறந்திருக்கணும். வானத்துல இன்னிக்கும் பிள்ளை பொறக்குதுன்னு அதை வெச்சுதான் கண்டுபிடிச்சாங்க.”

“யாரு பிரிக்கறா? வீட்டுக்கு வந்த மருமகளா?” என்றேன்.

“இல்லீங்க. இருக்கறதுலயே பெரிசா, சூடா, நீலமா ஒருத்தர் இருப்பார். அவர் விடற வெளிச்சத்துலயும் காத்துலயும் சுத்தியிருக்கற மேகம் எல்லாம் ஓடிடும். அந்த மேகத்தோட கனம்தான் எல்லாரையும் கட்டி வெச்சிருந்தது. அது போனதும் அவங்கவங்க வழி அவங்கவங்களுக்கு.”

எல்லோரும் என் பக்கம் பார்த்தார்கள். நானும் திரும்பி எனக்குப் பின்னால் பார்த்தேன். அங்கே சுவர்தான் இருந்தது.

சஹாக் மடியிலிருந்த வால்நட்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டான். “வகர்ஷாக், பிரிஞ்சு போறதுல ஏதாவது சந்தேகம்னா எங்க வீட்டுல வந்து கேளு. எங்களுக்கு அனுபவம் இருக்கு.”

நான் நாடாவை மறுபடியும் கட்டினேன். இரட்டை முடிச்சு.

“பேராசிரியரே,” என்றேன், “வானம் பெரிசு. பிரியாத கூட்டம் ஒண்ணு அதுல கட்டாயம் இருக்கும். அதைக் கண்டுபிடிச்சு, எங்க வீடு அது மாதிரி இருக்கணும்னு இந்தப் பையன் ஊர் கேக்க வாழ்த்தட்டும். அன்னிக்கு புட்டி திறக்கும். அதுவரைக்கும் பெண்ணைப் பத்திப் பேச்சில்ல.”

அதன் பிறகு வீட்டில் நடந்ததை நான் அவமரியாதை என்றே கருதுகிறேன். ஸாருஹி என்னோடு நேரடியாகப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். பூனையோடு பேசினாள். “பூனையே, நீல நட்சத்திரத்துகிட்ட சூப்பு ஆறுதுன்னு சொல்லு” என்பாள். ஹ்மாயாக் வழக்கம் போல் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இப்போது அந்த மௌனமே முன்பைவிடச் சத்தமாகக் கேட்டது. சுரேன் தினமும் மாலையில் அலமாரிக்கு முன்னால் நின்று, நோயில் கிடக்கும் உறவினரைப் பார்ப்பது போல அந்தப் புட்டியைப் பார்த்துவிட்டுப் போனான். ஊற்றடியில் தண்ணீர் பிடிக்கப் போனால், “என்ன வகர்ஷாக், வானத்துல நம்ம தகுதிக்கு ஒரு குடும்பம் அமைஞ்சுதா?” என்று சஹாக் கேட்டான்.

சோவினார் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. என் எதிரில் வந்து நின்று, எங்கள் வழக்கப்படி ‘ஜான்’ என்று செல்லமாக அழைத்தாள்.

“பெரியப்பா ஜான், நீங்களே மேல வந்து பாத்து ஒண்ணத் தேர்ந்தெடுங்க. பிடிச்சது கிடைச்சா கல்யாணம்.”

“கிடைக்கலேன்னா?”

“கிடைக்கலேன்னா என்ன? நானும் கல்யாணம் பண்ணிக்காம உங்களாட்டமே இந்த வீட்டக் காத்துட்டு இருக்கேன். பெருமையான வேலைதானே?”

அவள் கண்ணில் கேலி இல்லை. அதுதான் எனக்குச் சற்று உறுத்தியது.

மறுநாள் என் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு மலையேறினேன். நட்சத்திரம் பார்க்கப் பட்டப்பகலில் போகிறானே என்று ஊற்றடியில் சிரித்தார்கள். ஆனால் அங்கே பகலில்தான் கணக்குப் பார்க்கிறார்கள். ஹொவ்செப்பின் அறையில் விளக்கேற்றிய மேசை ஒன்று. அதன்மேல் ஜன்னல் கண்ணாடி அளவுக்கு ஒரு தகடு. தகடு முழுக்க ஈ எச்சம் போல கரும்புள்ளிகள்.

விருந்தாளியாக வந்த வீட்டில் குறை சொல்வது என் வழக்கமல்ல. கைக்குட்டையை எடுத்து, எச்சில் தொட்டு, ஓரத்தை மெல்லத் துடைத்துக் கொடுத்தேன்.

ஹொவ்செப் போட்ட கூச்சலில் அடுத்த அறையிலிருந்து கார்னிக்கும் சோவினாரும் ஓடி வந்தார்கள்.

“அது அழுக்கு இல்ல பெரியப்பா, நட்சத்திரம்!” என்றாள் சோவினார். “கண்ணாடிப் படத்துல வெளிச்சம் கறுப்பாத்தான் விழும்.”

“நான் துடைச்சது எது?”

அவள் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாள். “நல்லவேளை. ஒண்ணும் அழியல. ஒரே ஒரு நட்சத்திரம் கொஞ்சம் ஈரமா இருக்கு.”

ஹொவ்செப் நாற்காலியில் சாய்ந்து மூச்சு வாங்கினார். பிறகு என்னை ஒரு கை தூரத்தில் உட்காரவைத்து, முதல் தகட்டைக் காட்டினார். எங்கள் மேய்ப்பர்களெல்லாம் அறிந்த கூட்டம் அது. பஸ்மாஸ்த்க், பல நட்சத்திரம், என்போம். குளிர்காலத்தில் மலைக்கு மேலே ஒரு பிடி வைரம் போலத் தெரியும்.

“இது சிதறல் இல்லீங்க. இதுக்குப் பேரு நட்சத்திரக் குவியல்,” என்றார். “மேகம் போன பிறகும் ஒருத்தரை ஒருத்தர் இழுத்துப் பிடிச்சுட்டு நூத்துக்கணக்குல இருக்காங்க.”

“இதுதான்! இது போதும். கிளம்புங்க, புட்டியத் திறக்கலாம்.”

“ஆனா,” என்றார் அந்த மனிதர். அவருக்கு மட்டும் ‘ஆனா’ என்ற சொல் தெரியாமல் போயிருந்தால் அன்றே கல்யாணம் முடிவாகியிருக்கும். “ஆனா இவங்களுக்குள்ள இடிச்சுக்கறது, தள்ளிக்கறது உண்டு. கனமானவங்க நடுவுல போய் உக்காந்துப்பாங்க. லேசானவங்க ஓரத்துக்குப் போவாங்க. அப்பப்ப ஒருத்தர் வெளிய எறியப்படுவார். கடைசில கூட்டமே கரைஞ்சுடும்.”

லேசானவன் என்றதும் சுரேன் ஞாபகம் வந்தது. “இது வேணாம்,” என்றேன்.

இரண்டாவதாக ஒரு தகட்டை எடுத்து வைத்தார். பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நடுவில் இடமே இல்லாமல் அடைத்துக்கொண்டு, உருண்டையாக, லட்சக்கணக்கில் புள்ளிகள். விளிம்பில்கூட ஒழுங்கு.

“இது எவ்வளவு காலமா சேந்திருக்கு?”

“ஏறக்குறைய ஆரம்பத்துலேருந்தே. வானத்துல இதைவிடப் பழைய கூட்டம் கிடையாது. யாரும் சுலபத்துல வெளிய போக முடியாது.”

நான் எழுந்து நின்றேன். கோட்டுப் பொத்தானைப் போட்டேன். “பேராசிரியரே, இதுதான் தம்ராஸ்யான் வீடு. தம்பி, வாழ்த்தை மனப்பாடம் பண்ணிக்க.”

கார்னிக் என்னையும் சோவினாரையும் மாறி மாறிப் பார்த்தான். கல்யாணம் ஒரு வாக்கியத் தூரத்தில் இருந்தது. அவன் சரியென்று தலையாட்டப் போனான் என்றே நினைக்கிறேன். சோவினார்தான் குறுக்கே வந்தாள்.

“பெரியப்பாவை ஏமாத்தி எனக்குக் கல்யாணம் வேணாம். பெரியப்பா ஜான், இதுல மேகமே கிடையாது. எல்லாம் தீந்து போச்சு. அது உருவான நாள்லேருந்து இதுக்குள்ள ஒரு குழந்தைகூடப் பொறக்கல.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட இல்ல. தொட்டில் இல்ல, கல்யாணம் இல்ல. சிவந்து போன கிழங்க மட்டும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டுச் சுத்திட்டே இருக்காங்க. நானும் போய் அதுல உக்காந்துக்கணும்னா சொல்லுங்க, உக்காந்துக்கறேன்.”

நான் மீண்டும் குனிந்து பார்த்தேன். லட்சம் புள்ளிகள். எல்லோரும் கிழவர்கள். ஒருவனும் யாருக்கும் விட்டுக்கொடுக்காத முகம். எல்லோரும் வகர்ஷாக்.

ஒரு வீட்டுக்கு ஒரு வகர்ஷாக் இருந்தால் பெருமை. லட்சம் வகர்ஷாக் இருந்தால் யார் யாருக்கு உத்தரவு போடுவது? நடுவில் எந்த வகர்ஷாக் உட்காருவது? அந்த வீட்டில் சூப்பு ஆறுகிறது என்று சொல்லக்கூட ஒரு பூனை இருக்காது.

தகட்டிலிருந்து நிமிர்ந்தேன். பிறகு நான் பையனைக் கேட்டேன்: “அந்த முதல் கூட்டம். உன் சிதறல். பிரிஞ்சு போனவங்க எந்த வீட்டுப் பிள்ளைங்கன்னு அப்புறம் யாருக்கும் தெரியாதில்ல? யாரோ எவரோன்னு ஆயிடுவாங்க.”

“ஐயோ, அப்படியில்லீங்க!” அவன் பென்சிலைத் தேடி எடுத்தான். தாளில் தூரம் தூரமாகப் புள்ளி வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் அம்பு வரைந்தான். “ஒவ்வொருத்தரும் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாப் போறாங்கன்னு அளப்போம். சோவினார்தான் அளக்கறா. அப்புறம் அந்த வழியை அப்படியே பின்னால இழுத்துட்டே போனா...” கோடுகளைப் பின்னோக்கி இழுத்தான். எல்லாம் ஒரே இடத்தில் போய் முட்டின. “எவ்வளவு தூரம் போனாலும் அவங்க நடையே சொல்லிடும், எந்த வீட்டுலேருந்து கிளம்பினாங்கன்னு. மறைக்கவே முடியாதுங்க.”

“கால்ஸ்த்யான்னு யாராவது நடுவுல புகுந்தா?”

“நடை ஒத்துப்போகாதுங்க. தனியாத் தெரிஞ்சுடும்.”

அந்தத் தாளை நான் வெகுநேரம் பார்த்தேன். எங்கள் தம்ராஸ்யான் நடை ஊரில் பெயர் போனது. முதுகு வளையாமல், தரையைப் பார்க்காமல் நடப்போம். அதனால் பலமுறை சாணியை மிதித்திருக்கிறோம். ஆனால் தூரத்திலிருந்தே தெரியும், வருவது யார் என்று.

“ஞாயித்துக்கிழமை வாங்க,” என்றேன். “அதே வாழ்த்து. வார்த்தை மாத்தாம.”

ஞாயிறு மதியம் அதே மேசை, அதே ஆட்கள். கார்னிக் கோப்பையோடு எழுந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் ஊருக்குக் கேட்கும்படி சொன்னேன்: “இந்த வீட்டுலேருந்து போறவங்க போகலாம். எங்க போனாலும், வழியைப் பின்னால இழுத்தா கோடு இங்கதான் வந்து முட்டணும். சிதறினாலும் தம்ராஸ்யான் சிதறலா சிதறணும்.” சொல்லிவிட்டுப் புட்டியைத் திறந்தேன். என் இரட்டை முடிச்சை அவிழ்க்கக் கத்தி தேவைப்பட்டது.

சோவினார் வந்து என் கன்னத்தில் முத்தமிட்டாள். கார்னிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “ரொம்ப நன்றிங்க, ரொம்ப நன்றிங்க” என்று பூனை உள்பட எல்லோருக்கும் சொன்னான். ஸாருஹி பூனையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தே, “இன்னொரு தோல்மா வெச்சுக்கோங்க” என்றாள்.

அங்கேயே முடிந்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். சுரேன் இரண்டாவது கோப்பையைக் கவிழ்த்துவிட்டு எழுந்தான்.

“அண்ணே, நீயே போகலாம்னு சொல்லிட்ட. அப்ப நானும் சொல்லிடறேன். ஓடைக்கு அந்தப் பக்கம் நான் அஸ்திவாரம் போட்டாச்சு.”

“என்னது?”

“நாலு பிள்ளைங்கண்ணே. ஒரே அறை. காலையில யாரு காலை எங்க வெச்சோம்னே தெரியல. உன்கிட்டச் சொல்ல பயம். ஆட்டுப்பட்டி கட்டறேன்னு ஊருல சொல்லி வெச்சிருக்கேன்.”

நான் ஹ்மாயாக்கைப் பார்த்தேன். அவன் தட்டைப் பார்த்தான். பிறகு, அவன் பிறந்ததிலிருந்து பேசியதிலேயே நீளமான வாக்கியத்தைப் பேசினான்:

“கல்லறைக்குப் போற வழியில ஒரு மனை பாத்திருக்கேன், அண்ணே, நல்ல வெயில்.”

ஸாருஹி உள்ளே போய் ஒரு மூட்டையைக் கொண்டுவந்தாள். ஜன்னல் திரைகள். பூப்போட்டவை. ஓரம்கூட அடித்து முடித்திருந்தாள், இன்னும் கட்டாத ஜன்னல்களுக்கு.

சஹாக் கால்ஸ்த்யான் அன்று சிரித்த சிரிப்பைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

ஆனால் ஒரு தம்ராஸ்யான் கொடுத்த வார்த்தையை மேசையிலேயே திரும்ப வாங்குவதில்லை. நான் எழுந்து நின்று ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். யார் எங்கே வீடு கட்டினாலும் வாசல் கதவு இந்த வீட்டைப் பார்த்தே இருக்க வேண்டும். அப்போதுதான் கதவைத் திறந்து எதிரே கோடு இழுத்தால் இங்கே வந்து முட்டும். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கார்னிக் தாளும் பென்சிலும் எடுத்து ஒவ்வொரு வாசலுக்கும் கோணம் கணக்கிட்டுக் கொடுத்தான். அவனுடைய கணக்கில் தவறில்லை என்பதை நானே ஒவ்வொரு வாசலிலும் நின்று சரிபார்த்தேன்.

சுரேனின் வாசல் நேராகத் தன் மாட்டுக்கொட்டகைக்குள் திறக்கிறது. விருந்தாளிகள் மாட்டுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டியிருக்கிறது. ஹ்மாயாக்கின் வாசல் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. தபால்காரர் முதல் வருஷம் முழுக்க அந்த வீடு காலி என்று நினைத்துத் திரும்பிப் போனார். வெயில் மட்டும் நன்றாக அடிக்கிறது. சோவினாரும் கார்னிக்கும் மலைமேல் ஆய்வு நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டார்கள். கீழேயிருந்து ஏறிவரும் பனிக்காற்று அவர்கள் வாசலுக்கு நேராகவே வரும். குளிர்காலத்தில் கதவைத் திறந்தால் பனி அடுப்புவரை வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று ஊரில் பேச்சு. அதனால் பின்பக்கம் இன்னொரு கதவு வைத்து, அதன் வழியாகத்தான் புழங்குகிறார்கள் என்றும் சொல்கிறார்கள்.

அவர்களுக்கு மகள் பிறந்த பிறகு நான் அடிக்கடி அங்கே போய் வருகிறேன். எப்போதும் முன்வாசல் வழியாகத்தான். பனியை மிதித்துக்கொண்டு போவேன். பின்கதவை நான் பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய் எட்டிப் பார்த்த வழக்கம் கிடையாது.